தாத்தாவின் தகரப் பெட்டியில் ஐ.என்.ஏ. கடிதங்கள்: அசலா என்று எப்படிப் பார்ப்பது, எப்படிக் காப்பாற்றுவது?

பினாங்கு ஆயர் ஈத்தாம் வீட்டைக் காலி செய்தபோது தாத்தாவின் தகரப் பெட்டியில் 11 கடிதங்கள் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். தாத்தா நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வில் கேப்டனாக இருந்தவர். ஐந்து கடிதங்கள் அவர் கைப்பட ஆங்கிலத்தில் நேதாஜிக்கு எழுதியவை. நான்கு தட்டச்சில் வந்த பதில்கள். அவற்றில் ஒன்றின் அடியில் சுபாஷ் சந்திர போஸ் என்று கையொப்பம். மீதி இரண்டு தமிழில். இவை அசல்தானா, லேமினேட் செய்து ஹாலில் மாட்டலாமா, சென்னையில் இருக்கும் மாமாவுக்கு அனுப்பி விலை கேட்கலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒரு ராணுவ அதிகாரிக்கும் ஓர் அரசியல் தலைவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து இது என்று, குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களும் ஒப்புக்கொள்ளும்படி காட்ட முடியுமா என்பதுதான் அது. அதற்கான பதிலில் பாதி தாளில் இருக்கிறது. மறு பாதி அந்தத் தாள்கள் பெட்டிக்குள் எப்படிக் கிடந்தன என்பதில் இருக்கிறது. அதனால் மற்றதைப் படிக்கும் முன் ஒன்று செய்யுங்கள்: கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்காதீர்கள், உறையிலிருந்து பிரிக்காதீர்கள். ஏற்கெனவே கலைத்திருந்தால், எது எதற்கு மேல் இருந்தது என்று நினைவில் இருப்பதை இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

கடிதம் என்பது எழுதியவர் கையை விட்டுப் போய்விடும். பெற்றவர் வீட்டில்தான் தங்கும். மலாயா வரலாற்றிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 1951 டிசம்பரில் ஃபீல்ட் மார்ஷல் மான்ட்கோமரி, பிரிட்டிஷ் காலனி அமைச்சர் ஆலிவர் லிட்டில்டனுக்கு மலாயா அவசரகாலம் பற்றி எழுதிய கடிதம் இரண்டு மூன்று வரிதான்: நமக்கு ஒரு திட்டம் வேண்டும், அடுத்து ஓர் ஆள் வேண்டும், இரண்டும் இருந்தால் வெல்வோம், இல்லாவிட்டால் இல்லை. இரண்டு மாதத்தில் அந்த ஆளாக ஜெனரல் டெம்ப்ளர் கோலாலம்பூர் வந்து சேர்ந்தார். அந்தக் கடிதத்தை ஊருக்குச் சொன்னது பெற்றுக்கொண்ட அமைச்சரின் நினைவுக் குறிப்புதான். உங்கள் தாத்தாவின் விஷயத்திலும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். நேதாஜியிடமிருந்து வந்த நான்கு கடிதங்கள் தாத்தா பெட்டியில் இருப்பது இயல்பு. தாத்தா நேதாஜிக்கு எழுதிய ஐந்து கடிதங்கள் அதே பெட்டியில் இருப்பதற்குத்தான் காரணம் தேட வேண்டும்.

காரணங்கள் பொதுவாக நான்குதான். அவை அனுப்புவதற்கு முன் எழுதிப் பார்த்த வரைவாக இருக்கலாம். கார்பன் நகலாக இருக்கலாம். எழுதி அனுப்பாமலே வைத்துக்கொண்டதாக இருக்கலாம். போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதி வைத்ததாகவும் இருக்கலாம். வரைவில் அடித்தலும் வரிகளுக்கு இடையில் செருகலும் இருக்கும். தாளின் ஓரம்வரை எழுதியிருக்கும், கையொப்பம் பெரும்பாலும் இருக்காது. கார்பன் நகலில் எழுத்து நீலமாகவோ ஊதாவாகவோ லேசாகப் பரவியிருக்கும், தாள் மெல்லியதாக இருக்கும், மேல்தாளை அழுத்தி எழுதிய தடம் விரலுக்குத் தட்டுப்படும். அனுப்பாத கடிதம் சுத்தமாக எழுதிக் கையொப்பமும் போட்டிருக்கும், ஆனால் உறைக்கேற்ற மடிப்பு இருக்காது. நான்காவது வகையைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். 1943, 1944, 1945 என்று மூன்று ஆண்டுத் தேதிகள் இருக்கும். ஆனால் ஐந்தும் ஒரே தாள்கட்டிலிருந்து கிழித்தவை, மையின் நிறம் ஒன்று, பேனா முனையின் தடிமன் ஒன்று, கையெழுத்தின் ஓட்டம் ஒன்று. சிங்கப்பூரிலும் ரங்கூனிலும் முகாம் முகாமாக மாறிக்கொண்டிருந்தவரின் கடிதங்கள் அப்படி ஒரே மாதிரி இருக்காது. இந்த நான்காவது வகை மோசடி அல்ல. வயதான காலத்தில் தாம் எழுதிய கடிதங்களை மீண்டும் எழுதி வைத்தவர்கள் உண்டு, அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் அதை 1943-ஆம் ஆண்டுக் கடிதம் என்று சொல்லக் கூடாது, நினைவுப் பிரதி என்றுதான் சொல்ல வேண்டும். இந்த ஒரு சொல்லில் தவறினால் பெட்டியில் உள்ள மற்ற நல்ல தாள்களையும் சந்தேகம் பிடித்துக்கொள்ளும்.

தட்டச்சில் வந்த பதில்களுக்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். ரிப்பன் வழியாக நேராக அடித்த எழுத்தில் துணியின் நெசவு தெரியும். தாளைத் திருப்பி விரலால் தடவினால் முற்றுப்புள்ளிகள் முள்ளாகக் குத்தும். கார்பன் நகலில் நெசவு தெரியாது, ஓரம் மங்கலாக இருக்கும். மூன்றாவது வகை சைக்ளோஸ்டைல். மெழுகுத்தாளில் அடித்து நூற்றுக்கணக்கில் உருட்டி எடுத்த சுற்றறிக்கை அது. அதில் பின்பக்கம் வழுவழுப்பாக இருக்கும், 'o' போன்ற ஆங்கில வட்ட எழுத்தின் உள்பகுதி சில இடங்களில் அடைந்திருக்கும். தலைமையகத்திலிருந்து போன சிறப்பு ஆணைகள் பல இப்படித்தான் முகாம்களுக்குப் போயின. அந்தத் தாளைப் பெற்றவர்கள் அதை உயிராக வைத்திருந்தார்கள்; பேரப்பிள்ளைகள் கைக்கு வரும்போது அது 'நேதாஜி தாத்தாவுக்கு எழுதிய கடிதம்' ஆகிவிடுகிறது. தலைப்பில் தாத்தாவின் பெயரும், கடிதத்தின் நடுவில் அவர் எழுதிக் கேட்ட விஷயத்துக்கு நேரான பதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அது சுற்றறிக்கைதான்.

ராணுவ நடைமுறையையும் யோசிக்க வேண்டும். ஒரு கேப்டன் படைத் தலைவருக்கு எழுதுவது மேலதிகாரி வழியாகத்தான் போகும். பதிலும் பெரும்பாலும் தலைமையகத்தில் உள்ள அதிகாரியின் கையொப்பத்தில்தான் திரும்பி வரும். பி.கே. செகால் அங்கே ராணுவச் செயலாளராக இருந்தார், ஜே.கே. போன்ஸ்லே போன்ற மூத்த அதிகாரிகளும் தலைமையகத்தில் இருந்தார்கள். ஆகவே நான்கு பதில்களில் மூன்றில் வேறு யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று வருத்தப்பட வேண்டாம். அந்த மூன்றுதான் நடைமுறைக்குப் பொருந்தி வருகின்றன. நேதாஜியே கையொப்பமிட்டதாக உள்ள நான்காவதைத்தான் கூடுதலாகச் சோதிக்க வேண்டும்.

கையொப்பத்தை லென்ஸில் பார்க்கும்போது கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தைப் பாருங்கள். பேனாவால் போட்டதென்றால் அங்கே மை சற்றுத் தேங்கி அடர்ந்திருக்கும், கோட்டின் தொடக்கமும் முடிவும் கூராகத் தேயும். அச்சில் வந்ததென்றால் மை எங்கும் ஒரே அடர்த்தி, அல்லது சிறு புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். ரப்பர் முத்திரையில் ஓரம் தடித்து நடு வெளுத்திருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க அசல் மாதிரிகள் கிடைக்கின்றன: மேற்கு வங்க அரசு 2015 செப்டம்பரில் 64 கோப்புகளை வெளியிட்டது, இந்திய அரசு 2016 ஜனவரி 23 அன்று 100 கோப்புகளை மின்வடிவில் வெளியிட்டது. கொல்கத்தா எல்ஜின் சாலையில் நேதாஜி ஆய்வு நிலையமும் இருக்கிறது. ஆனால் கண்ணால் பார்த்து 'அச்சு அசலாக இருக்கிறது' என்று சொல்வது சோதனை ஆகாது. புத்தகத்தில் அச்சாகியிருக்கும் ஒரு கையொப்பத்தோடு அளவும் சாய்வும் மயிரிழை பிசகாமல் ஒத்துப்போனால் சந்தேகம் கூட வேண்டுமே தவிரக் குறையக் கூடாது. எவருக்கும் இரண்டு தடவை ஒரே மாதிரி கையெழுத்து விழாது.

அடுத்து தேதியும் ஊரும். நேதாஜி எந்த நாளில் எங்கே இருந்தார் என்பது நன்றாகவே தெரிந்த விஷயம். 1943 ஜூலை 2 அன்று சிங்கப்பூர் வந்தார். ஜூலை 4 அன்று கேத்தே அரங்கில், கிழக்காசிய இந்தியர்களின் அமைப்பான இந்திய சுதந்திர லீகின் தலைமையை ராஷ் பிஹாரி போஸிடமிருந்து ஏற்றார். அக்டோபர் 21 அன்று அதே அரங்கில் ஆஸாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) தற்காலிக அரசை அறிவித்தார். நவம்பர் முதல் வாரத்தில் டோக்கியோ மாநாட்டில் இருந்தார், ஆண்டு முடிவில் அந்தமானில். 1944 ஜனவரியில் தலைமையகம் ரங்கூனுக்குப் போனது. 1945 ஏப்ரல் கடைசியில் ரங்கூனை விட்டார். அந்த ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் செரம்பானில் இருந்தபோதுதான் ஜப்பானின் சரணடைவுச் செய்தி அவருக்கு எட்டியது. உங்கள் கடிதத்தில் நேதாஜி 1943 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து எழுதியதாக இருந்தால் அங்கேயே விவாதம் முடிந்துவிடும். தேதி சரியாக இருந்தால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது, போலி செய்பவரும் இதே தேதிகளைப் படித்திருப்பார். இந்தச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் இதே நியதிதான்: பொய்யை ஒரு சோதனையே காட்டிக்கொடுக்கும். மெய் என்று சொல்ல, பல சோதனைகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே திசையில் கைகாட்ட வேண்டும்.

1942-ஆம் ஆண்டுத் தேதியிட்ட தாள் ஏதாவது இருந்தால் தனியாக எடுத்துப் படியுங்கள். அப்போது படைக்குத் தலைவர் மோகன் சிங். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் கேப்டனாக இருந்து, வட மலாயாவில் நடந்த ஜித்ரா சண்டைக்குப் பின் ஜப்பானிய மேஜர் புஜிவாராவோடு சேர்ந்தவர். அரசியல் தலைவர் ராஷ் பிஹாரி போஸ். ராணுவ அதிகாரிக்கும் அரசியல் தலைவருக்கும் நடந்த மோதல் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த ஆண்டு டிசம்பர் சாட்சி. லீகின் பாங்காக் மாநாட்டுத் தீர்மானங்களுக்கு ஜப்பான் எழுத்தில் உறுதி தரவில்லை. லீகின் செயற்குழுவிலிருந்து மோகன் சிங் விலகினார். தாம் கைதானால் படை கலைந்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே ஆணை எழுதி வைத்தார். டிசம்பர் 29 அன்று கைதானார். படைச் சின்னங்களும் ஆவணங்களும் எரிக்கப்பட்டன. மோகன் சிங் காலத்து இந்த முதல் ஐ.என்.ஏ.வின் தாள்கள் அரிதாக இருப்பதற்கு இதுவே முதல் காரணம். அதே செயற்குழுவில் பினாங்கு வழக்கறிஞர் என். ராகவனும் இருந்தார், பின்னாளில் சீனாவுக்கு இந்தியத் தூதராகப் போனவர். பினாங்குக்காரரான உங்கள் தாத்தாவின் கடிதங்களில் அவர் பெயரோ பினாங்கில் இருந்த பயிற்சிக் கூடமான சுவராஜ் இன்ஸ்டிடியூட்டின் பெயரோ வந்தால் அந்த இடத்தைக் குறித்து வையுங்கள், சரிபார்க்க உதவும். இன்னொன்று: மலாயாவில் 1942-இல் எழுதியதாகச் சொல்லும் கடிதத்தில் 'நேதாஜி' என்ற விளியும் 'ஜெய்ஹிந்த்' என்ற முடிப்பும் இருந்தால் நிதானியுங்கள். இரண்டும் ஜெர்மனியில் தொடங்கி, 1943 நடுவில் அவர் வந்த பிறகே நம் பக்கம் புழக்கத்துக்கு வந்தவை.

உறை இருந்தால் அதுவும் பேசும். ஜப்பான் காலத்து அஞ்சல் முத்திரையில் 2603 என்று ஜப்பானியப் பேரரசு ஆண்டோ, 18 என்று ஷோவா ஆண்டோ இருக்கலாம். இரண்டும் 1943-தான். ஜப்பானிய முறையில் ஆண்டு முதலில் வரும், ஆகவே 18.7.9 என்பது 1943 ஜூலை 9. ஆஸாத் ஹிந்த் தபால்தலை ஒட்டி முத்திரை குத்திய உறை என்றால் நம்பாதீர்கள். அந்தத் தபால்தலைகள் பெர்லினில் அச்சாயின, எந்த அஞ்சலிலும் புழங்கவில்லை. உறையே இல்லாமல் 'கைவசம்' என்று குறித்த கடிதம்தான் ராணுவத்தினரிடையே சாதாரணம். நேரமும் ஒரு தடயம்: ஜப்பானியர் மலாயா கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி டோக்கியோ நேரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கணக்கில் பினாங்கில் சூரியன் உதிக்கவே காலை எட்டு முதல் எட்டரை ஆகும். 'விடியற்காலை எட்டு மணிக்கு அணிவகுப்பு' என்று தாத்தா எழுதியிருந்தால் அது பிழை அல்ல, அந்தக் காலத்தின் கைரேகை. பிற்காலத்தில் உட்கார்ந்து ஜோடித்தவருக்கு இது தோன்றியிருக்காது.

தமிழில் உள்ள இரண்டு கடிதங்களில் எழுத்து வடிவத்தைப் பாருங்கள். நேதாஜிக்குத் தமிழ் தெரியாது. மலாயாவில் அவர் பேசிய பேச்சுகளைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னார்கள். ஆகவே அவர் பெயரில் உள்ள தமிழ்க் கடிதம் இந்திய சுதந்திர லீக் கிளை அனுப்பிய மொழிபெயர்ப்பாக இருக்கலாம், அவர் கைப்பட எழுதியதாக இருக்க முடியாது. அந்தத் தலைமுறை 'லை', 'னை', 'ணை', 'ளை' ஆகியவற்றை எழுத்தின் தலையில் தும்பிக்கை போட்டு எழுதியது. 'ணா', 'றா', 'னா' மூன்றும் கால் போடாமல் அடியில் சுழித்து எழுதியவை. இன்று நாம் எழுதும் வடிவத்தைத் தமிழ்நாட்டு அரசு ஏற்றது 1978-இல்தான். மலேசியாவுக்கு அதன் பிறகே வந்தது. 1944-ஆம் ஆண்டுக் கடிதத்தில் சீர்திருத்த எழுத்து இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள். பெரியார் 1935-இலேயே குடி அரசில் அந்த வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டார். 1929 கடைசியில் அவர் பினாங்கு வந்து இறங்கியது முதல் இங்கே சுயமரியாதைக்காரர்கள் நிறைய. தாத்தா அந்த வழியில் நின்றவரா என்று வீட்டில் கேளுங்கள். தமிழ்த் தட்டச்சைக் கண்டதும் 'அப்போது ஏது தமிழ்த் தட்டச்சு' என்று யாராவது சொன்னால் அதுவும் தவறு. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா வந்த ஆர். முத்தையா போருக்கு முன்பே தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கிவிட்டார்.

இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்றைத் தாளின்மேல் அடித்துப் பாருங்கள். 1950-க்குப் பிறகு வந்த தாள்களில் வெண்மையாக்கும் ரசாயனம் சேர்ந்திருக்கும். அது நீலவெள்ளையாகப் பளிச்சிடும். போர்க்காலத் தாள் மங்கிய பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரியும். பளிச்சிட்டால் அது போர்க்காலத் தாள் அல்ல என்று ஏறத்தாழ முடிவு கட்டலாம், சலவைத்தூள் ஈரம் பட்ட இடம் மட்டும் விதிவிலக்கு. பளிச்சிடாவிட்டால் எதுவும் நிரூபணம் ஆகாது. பழைய கணக்குப் புத்தகத்தின் வெற்றுத்தாள் கிடைத்தால் யாரும் அதில் எழுதலாம். பந்துமுனைப் பேனா அமெரிக்கக் கடைக்கே 1945 அக்டோபரில்தான் வந்தது, அதுவும் நியூயார்க்கில். உங்கள் கடிதங்களில் எதுவாவது பந்துமுனையால் எழுதப்பட்டிருந்தால் அந்தத் தாள் போருக்குப் பிந்தியது. மை இத்தனை ஆண்டு பழையது என்று துல்லியமாகச் சொல்கிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மை எந்த வகை என்று ஆய்வகம் சொல்லும். எண்பது ஆண்டுப் பழைய மைக்கும் எழுபது ஆண்டுப் பழைய மைக்கும் வித்தியாசம் சொல்வது வேறு கதை. படத்தைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்ல என்னாலும் முடியாது. தாளைக் கையில் எடுத்துப் பார்ப்பவரால்தான் முடியும்.

இனிக் காப்பாற்றும் வேலை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு வெறும் கையாலேயே எடுங்கள். துணிக் கையுறை வேண்டாம். நைந்த ஓரம் அதன் நூலில் மாட்டிக் கிழியும். மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, தண்ணீரும் காப்பியும் மை பேனாவும் இல்லாத இடமாகப் பாருங்கள். ஒரு கடிதத்தில் துருப்பிடித்த குண்டூசி இருப்பதாகச் சொன்னீர்களே, அதை இழுக்காதீர்கள். துரு தாளின் நாரோடு ஒட்டிப்போயிருக்கும். இழுத்தால் ஊசியோடு ஒரு வட்டம் தாளும் வந்துவிடும். மெல்லிய பாலியெஸ்டர் தாளில் இரண்டு விரல் அகலத்துக்குத் துண்டு வெட்டி ஊசிக்கும் தாளுக்கும் நடுவில் மெதுவாகச் செருகுங்கள், மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று. பிறகு ஊசியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, அது தானாக நழுவுகிறதா என்று மட்டும் பாருங்கள். நழுவாவிட்டால் விட்டுவிடுங்கள். ஊசியை எடுக்கும் முன் அது எந்தச் சீட்டை எந்தக் கடிதத்தோடு சேர்த்திருந்தது என்று படம் எடுத்துக்கொள்வது முக்கியம். அந்த ஊசித்துளைதான் இரண்டு தாளும் ஒன்றாக இருந்தன என்பதற்குச் சாட்சி. மடிப்பு விறைத்திருந்தால் நகத்தால் நீவித் திறக்காதீர்கள். எண்பது ஆண்டு மடிந்திருந்த நார் அந்தக் கோட்டில் ஏற்கெனவே ஒடிந்துபோயிருக்கும். பழைய செலோடேப்பைப் பிய்ப்பதும் ரப்பரால் அழுக்குத் துடைப்பதும் வேண்டாம்.

எண் போட 2பி பென்சில்; தாளின் பின்பக்கம் கீழ் மூலையில், அழுத்தாமல், 1 முதல் 11 வரை, கிடைத்த வரிசையிலேயே. பிறகு ஒவ்வொன்றையும் அமிலமில்லாத தாளில் மடித்த உறைக்குள் வையுங்கள். தெளிந்த பாலியெஸ்டர் உறை மையால் எழுதியதற்கு ஏற்றது. கார்பன் நகலுக்கும் பென்சில் எழுத்துக்கும் வேண்டாம், அதன் நிலைமின்சாரம் எழுத்தையே தூக்கிவிடும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் பிவிசி கோப்புகள் ஆகவே ஆகாது. இரண்டு மூன்று வருடத்தில் ஒட்டிக்கொண்டு, எழுத்தை உரித்துத் தன்மேல் வாங்கிக்கொள்ளும்.

பினாங்கில் பகைவன் ஈரம்தான். காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. 65-ஐத் தாண்டினாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். தாளுக்கு வேண்டியது 45 முதல் 55. பகலில் ஏர்கோன் போட்டு இரவில் நிறுத்தும் அறை, ஏர்கோனே இல்லாத அறையைவிட மோசம். ஏறி இறங்கும் ஈரத்தில் தாள் விரிந்து சுருங்கி ஒடியும். மூடி இறுகும் பாலிப்ரொப்பிலீன் டப்பா ஒன்று வாங்குங்கள், அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கும். பத்து லிட்டர் டப்பாவுக்கு 100 கிராம் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலம், தாளைத் தொடாமல் மூலையில். உள்ளே ஒரு சிறிய ஈரப்பதமானி வையுங்கள். முள் 35-க்குக் கீழே போனால் ஜெல்லைக் குறையுங்கள், அளவு மீறிக் காய்ந்தாலும் தாள் நொறுங்கும். டப்பாவைத் தரையில் வைக்காதீர்கள். 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ராமபாணப் பூச்சி தெரிந்தால் பாச்சை உருண்டை போடுவதும் வேப்பிலை செருகுவதும் நம் வழக்கம். துணிமணிக்குச் செய்யுங்கள், தாளுக்கு வேண்டாம். உருண்டையின் ஆவி தாளிலும் டப்பாவிலும் ஏறும், இலை கறை விடும். தாளை ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, உறைபெட்டியில் மைனஸ் 18 முதல் 20 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுவதும் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் முத்து முத்தாகப் படியும். பூஞ்சை இருந்தால் முகக்கவசம் போட்டு, நிழலான காற்றோட்டத்தில் காயவிட்டு, மென்மையான ஆட்டுமுடித் தூரிகையால் தள்ளுங்கள். அப்பளம் போல வெயிலில் காயவைக்காதீர்கள். டெட்டோல் துடைப்பதும் கூடாது.

லேமினேட் பற்றி உறுதியாகவே சொல்கிறேன்: போட்டோஸ்டாட் கடையில் இரண்டு வெள்ளிக்கு நடக்கும் அந்த வேலையால் அழிந்த கடிதங்கள், பூச்சி தின்றவற்றுக்குக் குறைந்தவை அல்ல. நூறு டிகிரிக்கு மேல் சூட்டில் பசை நாருக்குள் இறங்கிவிடும், பிறகு எந்த நிபுணராலும் முழுதாகப் பிரிக்க முடியாது. தாளின் அமிலமும் உள்ளேயே அடைபட்டு வேகும். அத்தோடு மை, அழுத்தத் தடம், நீர்க்குறி எல்லாச் சோதனைக்கும் கதவு அடைந்துபோகும். ஹாலில் மாட்ட ஆசை என்றால் நல்ல நகலை அச்சடித்துச் சட்டம் போடுங்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஊதுபத்திப் புகையில் நகல் இருந்தால் கவலையில்லை.

நகல் எடுக்கும்போது வாட்ஸ்அப் படம் போதாது. சமதட்டு ஸ்கேனரில் 600 டிபிஐ, 24 பிட் வண்ணம், டிஃப் வடிவம்; ஏ4 தாள் ஒன்று சுமார் 100 மெகாபைட் வரும். ஓரத்தில் அளவுகோல் தெரிய வேண்டும். வெறுமையான பின்பக்கமும் உறையும் கட்டாயம். நைந்துபோன தாளைத் தானாக இழுக்கும் ஸ்கேனரில் விடவே கூடாது. மூன்று பிரதி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். இணையத்தில் முழுப் படத்தையும் போடாதீர்கள். கையொப்பத்தை நகலெடுக்க ஆள் இருக்கிறார்கள். அதைவிட, அந்தக் கடிதங்களில் இன்னாரைக் காட்டிக்கொடுத்தவர் என்று பெயர் சொல்லியிருக்கலாம். அவர்களின் பேரப்பிள்ளைகளும் இதே ஊரில் வாழ்கிறார்கள்.

பெட்டி வந்த வழியை இப்போதே பதிவு செய்யுங்கள். வீட்டில் மூத்த அத்தை, பாட்டி யாராவது இருந்தால் போனில் குரலைப் பதிந்துகொள்ளுங்கள். பெட்டி எந்த வீட்டில் தொடங்கி எந்தெந்த வீட்டுக்குப் போனது, யார் பூட்டினார், 1945 செப்டம்பர் 3 அன்று பிரிட்டிஷ் படை பினாங்கில் இறங்கியபோது அதை எங்கே ஒளித்தார்கள் என்று கேளுங்கள். பயந்து எரித்தவர்களும் புதைத்தவர்களும் பலர். 'அப்பா சொன்னார்' என்பதையும் 'நான் கண்ணால் பார்த்தேன்' என்பதையும் தனித்தனியாக எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி உறுதிமொழியாக ஆக்கிவிடுங்கள். நிபுணர் அறிக்கையைவிடச் சில சமயம் இந்த ஒரு தாள் கனமாக நிற்கும், ஏனென்றால் அத்தை போன பிறகு அதை யாராலும் உருவாக்க முடியாது.

சென்னைக்கு அனுப்பாதீர்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் வரலாற்று மதிப்புள்ள, 75 ஆண்டு கடந்த கையெழுத்துப் பிரதிகளையும் ஆவணங்களையும் தொல்பொருளாகக் கொள்கிறது. உள்ளே போன கடிதம் வெளியே வர அனுமதி தேடி அலைய வேண்டியிருக்கும். இங்கிருந்து எடுத்துப் போவதற்கும் 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுச் சட்டம் இருக்கிறது, தேசிய மரபுத் துறையான ஜபாத்தான் வாரிசான் நெகாராவைக் கேட்காமல் அசலை நாட்டை விட்டு அனுப்பாதீர்கள். மாமாவுக்கு ஸ்கேன் பிரதி போதும். தாள் உங்கள் சொத்து என்றாலும், அதில் உள்ள சொற்களின் பதிப்புரிமை எழுதியவரையும் அவர் வாரிசுகளையும் சேர்ந்தது. இதுவரை அச்சாகாத கடிதத்துக்குக் காலக் கணக்கும் வேறு மாதிரி வரும், ஆகவே புத்தகமாகப் போடும் முன் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். விலை என்பது மேலே சொன்ன வேலை எல்லாம் முடிந்த பிறகு பேச வேண்டியது. பெட்டியோடும் வரிசையோடும் உறுதிமொழியோடும் உள்ள 11 தாளுக்குக் கிடைக்கும் மதிப்பு, தனியே பிரித்து விற்ற ஒரு கையொப்பத்துக்குக் கிடைக்காது.

கோலாலம்பூரில் முன்பு ஜாலான் டூத்தா என்று அழைத்த சாலையில் தேசிய ஆவணக் காப்பகமான ஆர்க்கிப் நெகாரா இருக்கிறது. முதலில் பட்டியலையும் ஸ்கேனையும் மட்டும் கொண்டுபோய்க் காட்டுங்கள். கொடுப்பது என்று முடிவு செய்தால் நன்கொடையா, வைப்பா என்று எழுத்தில் கேளுங்கள். நன்கொடை என்றால் திரும்ப வராது. தாள் எண்ணிக்கையோடு ரசீது, பொதுப் பார்வைக்கு வைக்கும் முன் எத்தனை ஆண்டு மூடி வைக்கலாம் என்ற நிபந்தனை, குடும்பத்துக்கு மின்பிரதி, இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

இப்போதைக்கு, தாத்தா கைப்பட எழுதிய ஐந்து தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம் விழும்படி பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். எழுத்துத் தெரிய வேண்டாம். மடிப்பும் அழுத்தத் தடமும் தெரிந்தால் போதும். அவை வரைவா, நகலா, அனுப்பாத கடிதமா என்று அதை வைத்துப் பேசத் தொடங்கலாம்.